வட்டியில்லா ஐம்பத்தைந்து நாட்கள்

டனீடன்
2 ஏப்ரல் 2014

மாலாகி,

திங்கட்கிழமை காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது துறை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. வங்கியின் கடன் வசூல் பிரிவு. "உங்க தம்பி அவசரத் தொடர்புக்கு உங்க நம்பரத்தான் குடுத்திருக்காரு. ரெண்டு மாசமா எங்க போன எடுக்கல" என்றான் அந்தப் பையன். எங்கள் அலுவலகச் செயலாளர் மூன்றடி தூரத்தில் தட்டச்சு செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கட்டிடத்தில் புள்ளியியல் கற்பிக்கிறேன். என் குடும்பத்தைப் பற்றி இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. இப்போது ஒன்று தெரியும்.

அன்று மாலை உன் வீட்டுக்கு மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் உன் மனைவி லெபேகாதான் எடுத்தாள், மூன்று முறையும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். அவ்வளவு சுத்தமான ஆள் ஆக்லாந்தில் வேறு யாரும் இருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கிரெடிட் கார்டைப் பற்றி உனக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ், அம்மா கோக்கோ காய்ச்சிக்கொண்டிருந்தார், நீ மேசையில் உட்கார்ந்திருந்தாய். ஐம்பத்தைந்து நாள் வரை வட்டி கிடையாது, கடைசித் தேதியில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். இருபது வருடமாக நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு சென்ட் வட்டி கட்டியதில்லை. நீ தலையாட்டினாய்.

எவ்வளவு பாக்கி, எதற்காக, எப்போதிருந்து என்று எழுது. ஸ்டேட்மென்ட்டுகளை எல்லாம் அனுப்பு.

எசெட்டா

•

மாங்கெரே
11 ஏப்ரல் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் படிவத்தில் "நம்பகமான உறவினர்" என்று ஓர் இடம் இருந்தது. உங்களைத் தவிர யார் பெயரை எழுதுவேன்?

குளியல் விஷயம் பொய்தான். லெபேகா அன்று கத்தினாள். "நாப்பத்தாறு வயசு ஆம்பள, அக்காவோட போனுக்குப் பயந்து பாத்ரூம்ல ஒளியறான். வெளிய வந்து பேசு, இல்ல நெஜமாவே குளி" என்றாள். ஆனால் அக்காவிடம் தம்பி என்னிடம் பணம் இல்லை என்று வாயால் சொல்லக்கூடாது. அம்மா நம்மை அப்படித்தான் வளர்த்தார். காகிதத்தில் எழுதினால் கொஞ்சம் சொல்லலாம்போல் இருக்கிறது. எழுதும்போதும் வியர்க்கிறது என்பது வேறு.

ஸ்டேட்மென்ட்டுகளை வைத்திருக்கிறேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். நீங்கள் சொன்ன ஐம்பத்தைந்து நாளை நான் எண்ணி வைத்திருந்தேன். நான் வேலை செய்யும் சரக்குக் கிடங்கில் கிறிஸ்துமஸுக்கான சரக்கு அக்டோபரிலேயே குவியும், ஓவர்டைம் வரும், நவம்பர் முதல் வாரத்துக்குள் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் முதல் ஸ்டேட்மென்ட்டிலேயே வட்டி போட்டுவிட்டார்கள். நான்தான் எங்கோ தவறாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். பிறகு எங்களுக்குச் சரக்குத் தந்துகொண்டிருந்த விமான நிறுவனம் வேறு கிடங்குக்குப் போய்விட்டது, ஓவர்டைமும் போய்விட்டது. அதன்பின் ஐம்பத்தைந்து நாள் வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

எதற்காக என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவின் சாவுச் செலவு.

டனீடனில் குளிர் ஆரம்பித்திருக்கும். காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
மாலாகி

•

டனீடன்
24 ஏப்ரல் 2014

மாலாகி,

ஏழு மாத ஸ்டேட்மென்ட்டையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். நாட்களை நீ சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய். தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

உன் ஸ்டேட்மென்ட் மாதம்தோறும் ஒன்பதாம் தேதி வருகிறது, கட்டக் கடைசித் தேதி அடுத்த மாதம் மூன்று. பத்தாம் தேதி கடையில் ஒரு பொருள் வாங்கினால் ஏறக்குறைய ஐம்பத்தைந்து நாள் கிடைக்கும். எட்டாம் தேதி வாங்கினால் இருபத்தாறு நாள்தான். ஐம்பத்தைந்து என்பது அதிகபட்சம். அது போகட்டும். அந்தச் சலுகை கடையில் கார்டைத் தேய்த்து வாங்குவதற்கு மட்டும்தான். நீ ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுத்திருக்கிறாய். செப்டம்பர் 14, 15, 16, நாளுக்கு இரண்டாயிரம், மொத்தம் ஆறாயிரம். ரொக்கத்துக்கு ஒரு நாள்கூடச் சலுகை இல்லை. நோட்டு இயந்திரத்திலிருந்து வெளியே வந்த அன்றே வட்டி தொடங்கிவிடுகிறது, வருடத்துக்கு இருபத்து மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆறாயிரத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு மூன்றே முக்கால் டாலர். அவர்களுடைய விதிமுறைப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தேன், பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது இன்னும் மோசம். பழைய பாக்கி முழுதாக அடைபடாதவரை புதிதாக வாங்கும் எதற்கும் சலுகை கிடையாது. டிசம்பரிலிருந்து அரிசி, கோழி, பெட்ரோல் எல்லாம் கார்டில் வாங்கியிருக்கிறாய். அவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்டவில்லை, அதற்குத் தனிக் கட்டணம்.

இவ்வளவும் வங்கியின் வேலை. ஆறாயிரம் ரொக்கம் உன் வேலை. அம்மா இறந்தது செப்டம்பர் 12, அடக்கம் 17. இடையில் மூன்று நாள் நீ ஏ.டி.எம். வாசலில் நின்றிருக்கிறாய். சவப்பெட்டிக்கும் கல்லறைக்கும் அம்மாவின் காப்பீடு போதுமானதாக இருந்தது, ரசீதை நானே பார்த்தேன். அப்படியானால் மீதி எதற்கு என்று நான் கேட்கவே வேண்டாம். நம் தீவு வழக்கப்படி சாவு வீட்டில் கொடுக்கும் பாய்கள், டின் மீன் பெட்டிகள், போதகர்களுக்குப் பண உறை, யார் எவ்வளவு கொடுத்தார் என்று மண்டபத்தில் பேர் பேராகப் படிப்பது. நான் வெள்ளை உறையில் ஐந்நூறு டாலர் வைத்து உன் கையில் கொடுத்தேன். என்னால் இன்னும் கொடுக்க முடிந்திருக்கும். எனக்கு நியாயம் என்று பட்டது அவ்வளவு. அந்தப் பட்டியல் வாசிப்பைக் கேட்கப் பிடிக்காமல்தான் அடக்கத்தன்று மாலை விமானத்திலேயே திரும்பினேன்.

உன் பெயருக்கு நேரே பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாய். அந்த எண் இப்போது உன் பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்து போகிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எசெட்டா

•

மாங்கெரே
4 மே 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் விளக்கியது புரிந்தது. லெபேகாவுக்கும் படித்துக் காட்டினேன். ரொக்கம் பற்றிய இடம் வரை. அதற்குப் பிறகு வந்ததைப் படிக்கவில்லை.

உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது வேறொரு செய்தி. வீட்டுக்காரர் யூரிச் போன வாரம் வந்தார். எண்பத்திரண்டு வயதாகிவிட்டதாம், வாங்கரேயில் மகளோடு போய் இருக்கப்போகிறாராம். வீட்டை விற்கிறார். பழத்தோட்டத்து எலுமிச்சை ஒரு பை கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கம்மா இருபத்தேழு வருஷம் ஒரு வாரம்கூட வாடகை தவறினதில்ல. அதனால மொதல்ல ஒன்ட்ட கேக்குறேன். மூணு லட்சத்துப் பத்தாயிரம். ஏஜென்ட்ட குடுத்தா அம்பதாயிரம் கூட வரும், எனக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல என் மக விடமாட்டா" என்றார்.

சம்பளத்தில் பிடித்துவைக்கும் என் வேலைச் சேமிப்பும் லெபேகாவுடையதும் சேர்த்தால் முன்பணத்துக்குச் சரியாக வருகிறது. சர்ச்சில் ஒருவர் மூலம் ஒரு வங்கியில் கேட்டேன். அங்கிருந்த கடன் அதிகாரிப் பெண்மணி நல்ல மாதிரி. இரண்டு சம்பளம் இருக்கிறது, கொடுக்கலாம், ஆனால் கார்டுக் கடன் முழுதாக முடிந்திருக்க வேண்டும், ஜனவரி பிப்ரவரி தவறியதற்கு அம்மாவின் மரணத்தைக் காரணமாக எழுதித் தாருங்கள், அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறக்கூடாது என்றார். எந்த வேலையையாவது கூடுதலாகப் பிடித்துக் கடனை அடைக்கப் பார்க்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னறையில் அம்மாவின் சவப்பெட்டியை வைத்திருந்த இடத்தில் இன்னும் நாற்காலி போடவில்லை. பின்பக்கம் அவர் நட்ட சேம்புச் செடிகளுக்குக் குளிருக்காகச் சாக்குப் போர்த்தியிருக்கிறேன்.

மாலாகி

•

டனீடன்
19 மே 2014

மாலாகி,

பெப்பே சித்தி இன்வர்கார்கிலில் இருந்து கண் சிகிச்சைக்காக இங்கே மருத்துவமனைக்கு வந்திருக்கிறார். சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்துவிட்டது. வியாழக்கிழமை பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டுடன் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரியின் ஜெல்லியையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாடி. ஒத்தக் கண்ணுல பாத்தாலும் நீ உங்கம்மா மாதிரியேதான் இருக்க. என்ன, அவ ஒன்ன மாதிரி எலும்பா இருந்ததில்ல" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு ஒம்பேர படிச்சாங்க பாரு. 'எசெட்டா, மூத்த மக, பல்கலைக்கழக ஆசிரியை, ஆறாயிரம் டாலர், அதோட இருபது பெட்டி மீன் டின்.' மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. நீ பிளேன் ஏறிப் போயிட்டன்னு நாலு பேரு வாய்க்குள்ள மென்னுட்டிருந்தாளுக. அதப் படிச்சதும் கப்புனு மூடிட்டாளுக. பாவம், ஒந்தம்பிதான் எறநூறுன்னு படிச்சாங்க. அவனால அவ்ளோதான் முடியும், விடு. எங்கக்கா பேர நீ காப்பாத்திட்ட."

நான் மறுக்கவில்லை. அதை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் கையைத் தடவிக்கொடுத்துவிட்டு, பேருந்தில் வீட்டுக்கு வந்து, உனக்குப் போன மாதம் எழுதிய கடிதத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாரைக் கேட்டு என் பெயரைச் சொன்னாய்? இந்தக் கேள்வியை நான்கு நாளாக வேறு வேறு விதமாக எழுதிக் கிழித்தேன். கோபம் குறையவில்லை. ஆனால் அது உன் பக்கம் மட்டும் போகாமல் நிற்கிறது.

உன் மே 9 ஸ்டேட்மென்ட்டில் பாக்கி 7,284 டாலர். அந்தத் தொகைக்குச் சரியாகக் காசோலை இணைத்திருக்கிறேன். உன் கணக்கில் போட்டுவை. கடைசித் தேதி ஜூன் 3. அன்று கட்டு. ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம், வங்கிக்கு நாம் எதையும் இனாமாகத் தர வேண்டியதில்லை. கட்டி முடித்ததும் கார்டை வெட்டிப் போடு. அதற்குப் பிறகு அந்த வங்கியிலிருந்து என்ன உறை வந்தாலும் திறக்காதே. கடனை அடைத்தவனுக்குத்தான் புதுக் கார்டு, கூடுதல் வரம்பு என்று ஆசை காட்டி எழுதுவார்கள். உன்னை எனக்குத் தெரியும்.

வீட்டை வாங்கு.

எசெட்டா

•

மாங்கெரே
22 ஜூன் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். சித்தி சொல்லிவிட்டார் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சேம்புக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன், மழை பெய்துகொண்டிருந்தது.

உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. அந்த ஐந்நூறை உங்கள் பெயரில் எழுந்து நின்று படிக்க யாருக்கும் வாய் வராது அக்கா. எனக்கு இருநூறு போதும், தம்பி எவ்வளவு கொடுத்தான் என்று யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். நீங்கள் மூத்தவர்.

ஜூன் 3 காலை வேலைக்குப் போகும் முன் வங்கி திறக்கும்வரை நின்று கட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "வேற ஏதாச்சும் இருக்கா?" என்றாள். "இல்ல தங்கச்சி, இதோட முடிஞ்சிச்சு" என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவின் துணி வெட்டும் கத்தரியால் கார்டை எட்டுத் துண்டாக்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்த வாரமே அவர்களிடமிருந்து உறை வந்தது. நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று சிரித்தேன். லெபேகா பிரிக்கப் போனாள். "அக்கா தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். "ஒங்கக்கா எப்ப தபால் மந்திரி ஆனாங்க?" என்றாள். அம்மாவின் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கடன் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டோம். "வேறு கடன்கள்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். பேனா நன்றாக ஓடியது.

மாலாகி

•

டனீடன்
20 ஜூலை 2014

மாலாகி,

தேர்வுத்தாள் திருத்தி முடித்துவிட்டேன். சாலையில் பனி உறைந்து இரண்டு நாளாக வெளியே போகவில்லை. வங்கி என்ன சொன்னது என்று எழுது. யூரிச்சுக்கு எழுத்தில் ஒரு வரி கொடுத்து வை, வயதானவர், மகள் வேறு இருக்கிறாள்.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் தங்குகிறமாதிரி வரலாம் என்று இருக்கிறேன். முன்னறையில் நாற்காலி போடு. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்.

எசெட்டா

•

மாங்கெரே
2 செப்டம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு கிடைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்த வங்கிப் பெண்மணி நேரில் வரச் சொன்னார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடன் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். கார்டில் பாக்கி இருக்கிறது, ஜூலையிலும் ஆகஸ்டிலும் கட்டவில்லை என்று இருந்தது. "கடன் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க மிஸ்டர் மாலாகி. நான் மேல என்னன்னு சொல்றது?" என்றார். "நான் முழுசா அடைச்சிட்டேங்க, கார்டையே வெட்டிட்டேன்" என்றேன். "வெட்டினா கணக்கு முடியாதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த மூன்று உறைகளையும் பிரித்தோம். முதல் உறையில் 114 டாலர் 50 சென்ட், வட்டி. மே 9 முதல் ஜூன் 3 வரை, இருபத்தைந்து நாளுக்கு. அடுத்த இரண்டிலும் கட்டத் தவறியதற்குப் பதினைந்து பதினைந்து, அதன்மேல் வட்டி. எல்லாம் சேர்த்து 149 டாலர் 23 சென்ட். லெபேகாவின் கைப்பையில் நூற்றறுபது இருந்தது. மறுநாளே கட்டிவிட்டோம். ஆனால் விண்ணப்பம் போனது போனதுதான். ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கொடுக்கலாமாம்.

யூரிச்சிடம் போய் நின்றேன். அவர் கண் கலங்கியது. மகள்தான் பேசினாள், "ஆறு மாசமா? அப்பாவுக்கு ஆறு மாசம் இருக்கான்னே தெரியாது." அவளைக் குறை சொல்ல முடியாது. ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமை பலகை நட்டுவிட்டான்.

உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. லெபேகாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் மூன்று உறைகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மாலாகி

•

டனீடன்
11 செப்டம்பர் 2014

மாலாகி,

விதிமுறைப் புத்தகத்தில் பதினான்காம் பக்கம். பாக்கி வைத்திருப்பவருக்கு ஸ்டேட்மென்ட் தேதிக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் இடையில் வட்டி தொடர்ந்து ஏறும், அது அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரும். நான்கு வரி. நான் பதினோராம் பக்கத்தோடு மூடிவிட்டேன். நான் சொன்னது சரி என்று நிரூபிக்க அதுவரை போதுமாக இருந்தது.

புத்தகம் இல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு வட்டி என்று ஏப்ரலில் நானே கணக்கிட்டு உனக்கு எழுதியிருக்கிறேன். மே மாதம் அதே கையால், கடைசி நாள்வரை காத்திரு என்றும் எழுதியிருக்கிறேன். காசோலை உன் கைக்கு வந்த அன்றே கட்டியிருந்தால் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். இருபது வருடமாக முழுப் பாக்கியையும் கடைசித் தேதியில் கட்டிவருகிறேன். எனக்கு அந்த இருபத்தைந்து நாள் எப்போதும் இலவசம். உனக்கு அது நாளுக்கு நாலரை டாலர் என்பது ஓரிடத்திலும் எனக்கு உறைக்கவில்லை. கடன் இல்லாதவளின் பழக்கத்தைக் கடன் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு முறை.

உறையைத் திறக்காதே என்றதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

யூரிச்சின் மகளை அழைத்தேன். வங்கி மேலாளரையும் அழைத்தேன், என் பதவியைச் சொல்லி. இரண்டு பேரும் மரியாதையாகப் பேசினார்கள். லெபேகா சொல்லாமல் வைத்திருப்பதை எனக்கு எழுதச் சொல். நான் படிப்பேன்.

எசெட்டா

•

ஓத்தாரா
30 செப்டம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லெபேகாவின் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் இருக்கிறோம். தரையில் கம்பளம் போட்டிருக்கிறார், ஒரு ஹீட்டரும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறிப் போகிறார்கள். புதிதாக வாங்கியவர் ரொக்கம் கொடுத்து இரண்டே வாரத்தில் மாங்கெரே வீட்டை எடுத்துக்கொண்டார், பின்பக்கத்தில் இன்னொரு வீடு கட்டப்போகிறாராம். நான் சேம்பைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று கேட்கப் போனபோது மண்வெட்டும் இயந்திரம் முடித்துவிட்டிருந்தது. ஓட்டியவன் நம் தீவுக்காரன்தான். "எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். சாக்குகளை மட்டும் மடித்துக் கொடுத்தான்.

லெபேகா எழுத மாட்டாளாம். "எழுதி என்ன ஆகப்போவுது? அவங்க அதையும் திருத்தி மார்க்கு போடுவாங்க" என்றாள். பிறகு, இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.

இன்னொன்று. பெப்பே சித்தி நேற்று போய்விட்டார். உங்களுக்கும் தகவல் வந்திருக்கும். அம்மாவின் பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம், இங்கே கொண்டுவருகிறார்கள். அடக்கம் பதினோராம் தேதி. கொடுப்பவர்களின் பெயர்ப் பட்டியலை எட்டாம் தேதிக்குள் கேட்டிருக்கிறார்கள்.

போன தடவை உங்களைக் கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். உங்கள் பெயருக்கு நேரே எவ்வளவு என்று எழுதட்டும்?

மாலாகி

•

டனீடன்
3 அக்டோபர் 2014

மாலாகி,

ஐந்நூறு என்று எழுது. அதையே படிக்கச் சொல், நான் யார், எங்கே வேலை செய்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம். ஒன்பதாம் தேதி வருகிறேன். படிக்கும்போது மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பேன். போன தடவை என் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள் இப்போதும் பார்க்கட்டும். முடிந்ததும் போகமாட்டேன். பாத்திரம் கழுவும்வரை இருப்பேன்.

உன் வேலைச் சேமிப்பைத் தொடாதே. அது வீட்டுக்கானது. ஆறு மாதம் கழித்து அந்த விலைக்கு மாங்கெரேயில் எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் தொடாதே. லெபேகா சொன்னது சரி. அவளிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விமானச் சீட்டு வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் இது நினைவுக்கு வந்தது. நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாகக் கேட்கிறேன், ஆக்லாந்து வந்தால் நான் எங்கே தங்குவது?

எசெட்டா